பீரோவில் வைத்த பேட்டரி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த விழாவில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு 9 லட்சத்துக்கு மேல் கருவிகள், 912 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்குக் கொடுத்து முடிப்பதாகத் திட்டம். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்தது. மூடியில் முதல்வர் படம், உள்ளே விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

ஒரு வருஷம் போல ஆனதும் அதே கருவிகள் துணிப்பையிலும் கட்டைப்பையிலும் ஏறி, திருவூடல் தெருவை ஒட்டிய ஒரு சந்துக்கு வரத் தொடங்கின. அந்தச் சந்தில் ஒருவர் சின்னதாகப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். குண்டு டி.வி., ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் என்று கைவைத்துப் பழகி, காலத்தோடு மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தவர். வந்தவர்கள் சொன்னது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “சார்ஜே ஏற மாட்டேங்குதுண்ணா.” அடுத்த கேள்வியும் கையோடு வந்துவிடும்: “புது பேட்டரி எவ்ளோ ஆவும்?”

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. மளிகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நடுவில் கோடு. இடது பக்கம் வாடிக்கையாளர் சொன்ன குறை; வலது பக்கம் கழற்றிப் பார்த்தபோது இருந்த குறை. இடது பக்கம் முழுக்க ‘சார்ஜ் இல்லை’, ‘சார்ஜ் இல்லை’ என்று ஒரே மாதிரி இறங்கிக்கொண்டு போகும். வலது பக்கம் அப்படி இல்லை. ஒயர், அடாப்டர் கழுத்து, ஜாக், பின், சூடு, செட்டிங், எலி. ‘பேட்டரி’ என்று எழுதிய வரிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அந்த வரிகளிலும் பாதிக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கும்: ‘பீரோ’.

பீரோ கதைக்கு அப்புறம் வரலாம். அதற்கு முன்னால் அந்தக் காலத்துக் கரண்ட் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2012-ல் தமிழ்நாட்டின் மின்பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்குப் போயிருந்தது. சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களில் 10 மணி, 12 மணி, சில நாள் அதற்கும் மேல். காற்றாலைகள் சுழலும் மாதங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். காற்று ஓய்ந்தால் பழைய கதை. கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து சார்ஜரைச் செருகிவிட்டுப் படுத்தார்கள். வருகிற கரண்டும் நேராக வராது. சாயங்காலத்தில் ட்யூப்லைட் எரிய மறுக்கும் அளவுக்குத் தாழ்ந்த மின்னழுத்தம். எல்லோரும் தூங்கிய பிறகு திடீரென்று ஏற்றம்.

மடிக்கணினி அடாப்டர் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். அதன் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். அந்த வரம்புக்குள் எது வந்தாலும் அது 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றிக் கொடுத்துவிடும். அதற்கும் கீழே போனால்தான் அதன் பச்சை விளக்கு மினுக்கும், அணையும். ‘வோல்டேஜ்தான் பேட்டரியைத் தின்னுடுச்சு’ என்று வந்தவர்களிடம் அவர் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் நம்பியதும் இல்லை. பேட்டரிக்கும் சுவரில் வரும் கரண்டுக்கும் நடுவில் அடாப்டர், தாய்ப்பலகையில் இருக்கிற சார்ஜிங் சிப், பேட்டரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பாதுகாப்புப் பலகை என்று மூன்று காவல் இருக்கின்றன. மூன்றையும் தாண்டி வோல்டேஜ் போய்க் கடிக்க வேண்டும்.

அதனால் அவர் தொடங்குகிற இடம் சுவர்தான். முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பார். அப்போதைய மாடல்களில் அடியில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். அடாப்டரை மட்டும் செருகி பொத்தானை அழுத்துவார். மடிக்கணினி உயிர் பெற்றால் சுவரிலிருந்து தாய்ப்பலகை வரை வழி திறந்திருக்கிறது. பெறாவிட்டால் பேட்டரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பைப் பிடிக்க மல்டிமீட்டர். சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் உள்ளே, கறுப்பு முனையை வெளி வளையத்தில். 19 என்று காட்டும். அதோடு விட்டுவிட மாட்டார். முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொரு ஆளை விட்டு ஒயரை அடாப்டரின் கழுத்துப் பக்கமாக மெல்ல வளைக்கச் சொல்வார். 19, 19, 19, 0, 7, 19. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் ஒயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பைக்குள் திணிப்பது ஊர்ப் பழக்கம். கழுத்து வளைகிற அதே இடத்தில் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் நான்கைந்து இழைதான் மிச்சம் இருக்கும். அந்த இடத்தை வெட்டி, மறுபடி பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கினால் வேலை முடிந்தது. புது பேட்டரிக்குப் பணம் எண்ணிக்கொண்டு வந்தவர் நூறு ரூபாய்க்குள் பஸ் ஏறிவிடுவார்.

ஜாக் இன்னொரு வகை. கட்டிலில் மடிக்கணினி, சுவரில் சார்ஜர், நடுவில் தொங்குகிற ஒயர். அதில் யாராவது கால் தட்டாத வீடு கிடையாது. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் தாய்ப்பலகையில் ஜாக்கைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று கொஞ்சம் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். ‘இப்படிப் புடிச்சா ஏறுது, விட்டா நின்னுடுது’ என்று சொல்லி யாராவது ஒயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டே கடைக்குள் வந்தால், திறந்து பார்ப்பதற்கு முன்பே வலது பக்கத்தில் ‘ஜாக்’ என்று எழுதிவிடுவார்.

இவற்றைவிட அவருக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அடாப்டர் நன்றாக இருக்கும், மீட்டரில் சரியாக 19 காட்டும், மடிக்கணினி ஓடும், பேட்டரியும் புதிது. ஆனாலும் திரையின் மூலையில் ‘பிளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்று வரும். செங்கம் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு கல்லூரி மாணவன் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். மூல அடாப்டர் தொலைந்துபோய், எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற மலிவு அடாப்டரை வாங்கியிருந்தான். டெல், ஹெச்.பி. போன்றவற்றின் பல மாடல்களில் சார்ஜர் முனையின் நட்டநடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். அதில் வருவது கரண்ட் இல்லை, அடையாளம். ‘நான் இன்னார், 65 வாட் கொடுப்பேன்’ என்று அடாப்டர் அதன் வழியாகத்தான் சொல்லும். அந்தப் பேச்சு கேட்காவிட்டால் மடிக்கணினி, தான் ஓடுவதற்கு மட்டும் கரண்டை எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு ஏற்றாமல் நிறுத்திவைக்கும். சில மாடல்கள் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

தை மாதத்தில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் திருவூடல் நடக்கிற தெருப் பக்கம் கடை வைத்திருந்ததால், இந்தக் குறைக்கு அவர் நோட்டில் வைத்திருந்த பெயர் ‘ஊடல்’. ஒரே வீட்டில் இருப்பார்கள், சோறும் நடக்கும், பேச்சு மட்டும் இருக்காது. அந்த மாணவனுக்கு மூல அடாப்டர் ஒன்று, பழையது, தேடிக் கொடுத்தார். செருகிய மறுவிநாடி ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மாணவன் நம்பாமல் தன் மலிவு அடாப்டரை மாற்றிச் செருகிப் பார்த்தான், அணைந்தது. மூல அடாப்டரை மறுபடி செருகினான், எரிந்தது.

சித்திரை, வைகாசியில் நோட்டின் வலது பக்கம் மாறும். ‘சூடு’ என்று அடிக்கடி வரும். மலையடிவாரத்தில் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி வரை விட்டுக்கொண்டிருக்கும். வெளியே 40 டிகிரி என்றால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள் இன்னும் மேலே. அதில் மெத்தையின் மேல் மடிக்கணினியை வைத்துப் படம் பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டால் அடியில் இருக்கும் காற்றுத்துளை முழுக்க அடைபடும். லித்தியம் அயான் செல்களுக்கு 45 டிகிரி வாக்கில் மேல் வரம்பு. பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தாண்டினால் ஏற்றுவது நிற்கும். பழுது எதுவும் இல்லை, பாதுகாப்பு. ஆனால் பயன்படுத்துகிறவருக்கு அது எப்படித் தெரிகிறது? பகலில் ஏறவில்லை, விடியற்காலையில் ஏறுகிறது. ஒரு அம்மா அதைக் காத்துக் கருப்பு என்றே முடிவு கட்டிக்கொண்டு, மடிக்கணினிக்கு விபூதி பூசிக் கொண்டுவந்தார். விபூதி யூ.எஸ்.பி. துளைக்குள்ளும் போயிருந்தது. கடைக்காரர் பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றிக் கடையின் சிமென்ட் தரையில், மின்விசிறிக்கு நேர் கீழே கொஞ்ச நேரம் வைத்தார். மாட்டினார். ஏறியது. “இவ்ளோதானா? நான் மூணு வாரமா கோயிலுக்கு நடந்தேனே!” என்றார் அந்த அம்மா.

இனி பீரோ.

தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் பிளஸ் டூவில் மடிக்கணினி வாங்கியவள். பரீட்சைக்கு முன்னால் அது கவனத்தைச் சிதறடிக்கும் என்று அப்பா அதை வாங்கி, துண்டில் சுற்றி, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்து, அரசுக் கலைக் கல்லூரியில் இடமும் கிடைத்து, பீரோவைத் திறந்தால் உள்ளே இருந்தது புத்தம் புதுசு. மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. கீறல் இல்லை, தூசு இல்லை. சார்ஜ் மட்டும் ஏறவில்லை. “தொடவே இல்லண்ணா, பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்” என்றார் அப்பா. குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெளிவில்லை.

இந்த இடத்தில் பேட்டரியின் உள்ளே போய்ப் பார்க்காமல் முடியாது. அந்தக் காலத்துப் பேட்டரிப் பெட்டிக்குள் ஆறு உருளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் தொழிலில் அதற்கு 18650 என்று பெயர். இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த மூன்று ஜோடிகளை வரிசையாகக் கோத்தால் ஏறக்குறைய 11 வோல்ட். ஒரு செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். கருவி ‘0 சதவீதம்’ என்று சொல்லி அணையும்போது 3 வோல்ட் பக்கம். அதாவது பூஜ்ஜியம் என்று திரை சொன்னாலும் உள்ளே கொஞ்சம் மிச்சம் வைத்தே நிறுத்துகிறது. அந்த மிச்சம்தான் உயிர்ப்பிச்சை. பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாகக் கொஞ்சம் இறங்கும். உள்ளே இருக்கிற பாதுகாப்புப் பலகையும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருக்கும். நிறைத்து வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். பூஜ்ஜியத்தில் வைத்துப் பூட்டினால்?

2.5 வோல்ட்டுக்குக் கீழே வெகு ஆழமாக இறங்கினால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் போய்ப் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்கிணைப்பு ஆகலாம். சூடேறித் தீப்பிடிக்கவும் வழி உண்டு. அதனால்தான் பாதுகாப்புப் பலகை, செல் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் ஏற்றவே சம்மதிக்காது. சில பேட்டரிகளில் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். மறுப்பது பிடிவாதத்தால் இல்லை. 2006-ல் டெல் நிறுவனம் சோனி செல்கள் இருந்த 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பின்போது செல்லுக்குள் விழுந்த நுண்ணிய உலோகத் துகள்தான் காரணம். அவ்வளவு சின்னத் துகள் உள்ளே போனதற்கே மடிக்கணினிகள் தீப்பிடித்தன.

பேட்டரிப் பெட்டியை உடைத்து, வெளியிலிருந்து நேராகச் செல்லுக்குக் கரண்ட் கொடுத்து ‘உசுப்பிவிடுகிற’ வித்தை அப்போதே ஊரில் நடந்துகொண்டிருந்தது. அவர் அதைச் செய்ய மாட்டார். இதில் அவருடைய பிடிவாதம் நியாயமானது. சில நாளைக்கு ஓடும், வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போவார். அப்புறம் அந்தப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு படிப்பாள்.

அவர் செய்தது வேறு. பேட்டரியை மாட்டி, கடையின் இன்வெர்ட்டர் இணைப்பில் ராத்திரி முழுக்க விட்டுவைத்தார். செல் கொஞ்சமாகத்தான் இறங்கியிருந்தால் சார்ஜிங் சிப் முதலில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு போல மிகக் குறைவாக ஊட்டிப் பார்க்கும். 3 வோல்ட் வாக்கில் தேறினால்தான் முழு வேகம். காலையில் ஷட்டரைத் தூக்கியபோது விளக்கு ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டது. பாஸ் லினக்ஸில் திறந்து, பேட்டரி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கைப் பார்த்தார். பிறந்தபோது இருந்த கொள்ளளவு 4,400 மில்லியாம்ப் ஹவர். இப்போது நிறைந்தால் கொள்வது அதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமலேயே மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

அந்த அப்பாவுக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. செலவழித்தால் தேயும் என்பது புரியும். பத்திரப்படுத்தினால் தேயும் என்பது எந்தக் குடும்பத்துக்கும் புரிகிற கணக்கில்லை. நகை அப்படி இல்லை, பாத்திரம் அப்படி இல்லை, தையல் மிஷின் கூட எண்ணெய் விட்டு மூடி வைத்தால் காத்திருக்கும். அந்த மாவட்டத்தில் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் அவர் கைக்கு வந்த செத்த பேட்டரிகளில் பாதி, ஓடி ஓடிச் செத்தவை இல்லை. மரியாதையில் செத்தவை. படிப்பு கெடும் என்று, திருடு போகும் என்று, கல்யாணத்துக்கு ஆகும் என்று, முதல்வர் படம் போட்டதாயிற்றே என்று.

“பாதி சார்ஜில் வைங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க” என்று அவர் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். பாதி ஏன்? லித்தியம் அயானுக்கு நிறைந்த வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. 4.2 வோல்ட்டில், அதுவும் வெயிலில், நிறுத்தியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் மின்பகுளி மெல்லக் கெட்டுக்கொண்டே போகும்.

நிறைய வேண்டாம் என்பதைக் கருவியே தெரிந்துகொண்டதும் உண்டு. அதுவும் ஒரு குறையாகத்தான் கடைக்கு வந்தது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்களும் ஓடும். பிள்ளையார் தேர், முருகர் தேர், அப்புறம் பெரிய தேர், பெண்களே இழுக்கிற அம்மன் தேர், பிள்ளைகள் இழுக்கிற சண்டிகேஸ்வரர் தேர். தேர் வருகிற மாடவீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முந்தின ராத்திரி வெளியூரிலிருந்து படம் எடுக்க வந்திருந்த ஒருவர், பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்று வியர்க்க வியர்க்க வந்து நின்றார். மறுநாள் பூரா அதை நம்பித்தான் படம் அனுப்ப வேண்டும். கடைக்காரர் ஸ்க்ரூ ட்ரைவரைத் தொடவே இல்லை. லெனோவாவின் சில மாடல்களில் பேட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காக 60-ஐ ஒட்டி நிறுத்துகிற செட்டிங் ஒன்று உண்டு. எப்போதோ, யாரோ அதைப் போட்டுவிட்டிருந்தார்கள். எடுத்துவிட்டார். 61 வந்தது. படம் எடுப்பவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அதற்கு என்ன கூலி வாங்குவது என்று தெரியாமல் கடைக்காரர் ஒரு டீ வாங்கிக்கொண்டார்.

ரமணாசிரமத்தைச் சுற்றி மார்கழி, தை மாதங்களில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வேறு விதம். அவர்கள் ‘சார்ஜ் ஏறல’ என்று வர மாட்டார்கள். ‘டச்பேடு அழுந்தல’ என்று வருவார்கள். மெல்லிசான கருவிகளில் உருளைக்குப் பதில் தட்டையான பை மாதிரி செல்கள். கெட்டால் அவை உப்பும். உப்பினால் மேலே இருக்கும் டச்பேடை முட்டித் தூக்கும். மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடும். அதைப் பார்த்ததும் அவர் முதலில் செய்வது சார்ஜரைப் பிடுங்குவதுதான்.

பேட்டரி உண்மையிலேயே போயிருந்தால் மாற்றுக்குச் சென்னை ரிச்சி தெருதான். திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கே ஒரே மாடலுக்கு மூன்று விலையில் பேட்டரி கிடைக்கும். மூன்றின் முதுகிலும் ஒரே எழுத்து, ஒரே முத்திரை. சிலவற்றில் அசலில் இருப்பதைவிடக் கூடுதலாக 5,200, 6,000 என்று போட்டிருக்கும். அவர் கண்டுபிடித்த பரீட்சை தராசு. ஒரு 18650 செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். ஆறு செல் என்றாலே 270. மேலே பிளாஸ்டிக் பெட்டி, பலகை எல்லாம் சேர்த்து 300-ஐத் தாண்டியாக வேண்டும். திரும்பி வந்ததும் பக்கத்து மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் வைப்பார். 220 காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மளிகைக்காரர், “இன்னா, பேட்டரிக்கு எடை போட்டு விக்கிறியா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பள்ளி, கல்லூரி எல்லாம் திரைக்குள் போயின. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை, ஒரு போன். அப்போதுதான் மாவட்டம் முழுக்கப் பீரோக்கள் திறந்தன. அக்கா வாங்கியது, அண்ணன் வாங்கியது, 2012, 2014, 2016 என்று வருஷ வாரியாக அந்த மடிக்கணினிகள் வெளியே வந்தன. தளர்வுகள் அறிவித்து ஷட்டரைப் பாதி தூக்கியபோது சந்தில் முகக்கவசம் போட்ட வரிசை நின்றது. பேட்டரி போனவற்றுக்கு அவர் சொன்ன வழி எளிது: கழற்றித் தனியே வைத்துவிடு, அடாப்டரிலேயே ஓட்டு, கரண்ட் போனால் பாடமும் போகும், அவ்வளவுதான். ஆறேழு வருஷத்துக் கருவிகள் பல அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடின.

செத்த பேட்டரிகளை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. இன்வெர்ட்டரின் ஈய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டி போட்டு வாங்குவார்கள். லித்தியத்தைக் கண்டால் கையை ஆட்டிவிடுவார்கள். 2022-ல் மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்து, விற்ற நிறுவனமே திரும்பப் பெற வேண்டும் என்றாகிவிட்டது. விதி சந்துக்கு வந்து சேர நாளாகும். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட பெயின்ட் வாளியில் அடுக்கி வைத்திருந்தார்.

தண்டராம்பட்டு அப்பா ஊரடங்குக் காலத்தில் மறுபடி வந்தார். மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். இப்போது மகன் வாங்கிய மடிக்கணினி. கடைக்காரர் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. இந்தத் தடவை பேட்டரி சாகவே கூடாது என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பீரோவின் பின்தகட்டில் ஓட்டை போட்டு, உள்ளேயே ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிட்டார். மடிக்கணினி பூட்டிய பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், எந்நேரமும் 100 சதவீதத்தில், சார்ஜரோடு. மூடி லேசாக உப்பியிருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

“மொதல்ல அந்த ஒயரப் புடுங்கச் சொல்லி வீட்டுக்குப் போன் போடுங்க” என்றார் கடைக்காரர். “சார்ஜர் இன்னும் உள்ளதான் சொருகியிருக்கா?”

“ஆமா,” என்றார் அப்பா. “சாவி என்கிட்ட இருக்கே.”